நான்காம் நிமிட மேடு

மூக்கையா இருபத்தொரு வருடம் வேலை செய்த பரிசோதனைக்கூடத்திலிருந்து ஆயிரக்கணக்கான அறிக்கைகள் வெளியே போயின. ஒன்றில்கூட அவருடைய கையெழுத்து இல்லை. எட்டாம் வகுப்போடு நின்றவருக்குக் கையெழுத்திடும் உரிமை கிடையாது. ஆனாலும் 1986ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் போன ஓர் அறிக்கையைத் தன்னுடையது என்றே அவர் கடைசிவரை சொன்னார்.

அவர் பிறந்தது பன்வில பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் மேல் லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில். தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்துவரை, பிறகு பஸ் ஏறி வத்தேகமவில் எட்டுவரை படித்தார். பேராதனையில் ஒரு தனியார் பரிசோதனைக்கூடத்துக்குப் போத்தல் கழுவ ஆள் தேவை என்று அறுபத்தைந்தில் கேள்விப்பட்டு இறங்கி வந்தார். தோட்டங்களும் தேயிலைக் கம்பனிகளும் அனுப்புகிற தேயிலை, மண், தண்ணீர் எல்லாவற்றையும் அங்கே சோதித்துக் கொடுப்பார்கள். ஆறு வருடம் போத்தல் கழுவினார். அவர் கழுவிய போத்தலில் அழுக்கு என்று ஒருநாளும் பேச்சு வந்ததில்லை.

எழுபத்தொன்றில் ஜெர்மனியிலிருந்து ஒரு கருவி வந்தது. அதில் ஊசியால் ஒரு சொட்டுத் திரவத்தை ஏற்ற வேண்டும். சுருண்டு கிடக்கும் நீண்ட குழாய்க்குள் வாயு அதைத் தள்ளிக்கொண்டு போகும். சொட்டில் கலந்திருக்கும் ஒவ்வொரு பொருளும் தனக்கென்று உள்ள நேரத்தில் மறுமுனைக்கு வந்து சேரும். வந்ததும் ஓடுகிற காகிதத்தில் பேனா ஒரு மேடு வரையும். மேடு எந்த நிமிடத்தில் வந்தது என்பதை வைத்து அது என்ன பொருள் என்றும், மேட்டின் உயரத்தை வைத்து அது எவ்வளவு என்றும் சொல்லலாம். பூச்சிமருந்து தண்ணீரில் கலந்திருக்கிறதா என்று பார்க்க அதைவிட நுட்பமான கருவி அப்போது மலைநாட்டில் இல்லை.

கருவியைப் பூட்டிக்கொடுக்க வந்த வெள்ளைக்காரர் இரண்டு கிழமை நின்றார். பட்டதாரிகள் முதல் நாள் வந்து பார்த்துவிட்டுத் தங்கள் மேசைக்குப் போய்விட்டார்கள். சாவியும் திருப்புளியும் எடுத்துக் கொடுக்க மூக்கையாதான் பக்கத்தில் நின்றார். வெள்ளைக்காரர் கப்பலேறிய பிறகு பேனா கோணலாக ஓடியபோது, எந்தத் திருகை எவ்வளவு திருப்ப வேண்டும் என்று தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

பேனா சும்மா இருக்காது. ஒன்றுமே ஏற்றாவிட்டாலும் நடுங்கிக்கொண்டே ஓடும். காகிதத்தில் அது பொடிப்பொடியாகக் குத்திட்டு நிற்கும். மூக்கையா அதற்குப் புல்லு என்று பெயர் வைத்தார். புல்லு எங்கிருந்தெல்லாம் முளைக்கிறது என்று அவர் தேடினார். பக்கத்து அறைக் குளிரூட்டிப் பெட்டி ஓடத் தொடங்கும்போது முளைத்தது. ரயில் சந்தியில் எஞ்சின் பெட்டிகளைக் கோக்கும்போது முளைத்தது. மண்ணுக்குள் புதைத்த பூமிக்கம்பி காய்ந்துபோனால் காடாகவே முளைத்தது. குளிரூட்டிப் பெட்டியை வேறு அறைக்கு மாற்றினார். திங்கட்கிழமைதோறும் பூமிக்கம்பிக் குழியில் உப்புத் தண்ணீர் ஊற்றினார். எவ்வளவு செய்தும் கொஞ்சம் புல்லு மிஞ்சத்தான் செய்தது.

மிஞ்சியதோடு அவர் பழகிய விதம் வேறு யாருக்கும் இல்லை. சந்தேகமான சொட்டை ஒன்பது தடவை ஏற்றுவார். ஒன்பது காகிதங்களையும் தொடக்கக் கோடு பொருந்தும்படி ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, சன்னல் கண்ணாடியில் அழுத்திப் பிடித்து வெளிச்சத்தில் பார்ப்பார். புல்லு ஒவ்வொரு காகிதத்திலும் ஒவ்வோர் இடத்தில் இருக்கும். பொருள் உண்மையில் இருந்தால் ஒன்பதிலும் ஒரே இடத்தில் கோடு கறுத்துத் தடிக்கும். இதை அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கணக்கும் அவர் பக்கம்தான். ஒன்பது ஓட்டங்களைக் கூட்டினால் மேடு ஒன்பது மடங்காகும். புல்லு மூன்று மடங்குதான் வளரும்.

தலைமை இரசாயனவியலாளர் இராமநாதன் யாழ்ப்பாணத்தவர். நேர்மையானவர், கண்டிப்பானவர். எண்பத்துமூன்று ஜூலைக் கலவரத்தில் கண்டி வீட்டை விட்டுக் குடும்பத்தை ஊருக்கு அனுப்பிவிட்டு, ஒரு வாடகை அறையில் தனியாக இருந்தார். அதற்குப் பிறகு அவருக்கு எதிலும் ஒழுங்கு வேண்டியிருந்தது. சன்னலில் ஒட்டிய காகிதங்களைக் கண்டால் முகம் சுளிப்பார். ஒரு தண்ணீருக்கு மூன்று மணித்தியாலம் செலவழித்தால் கூடம் எப்படி நடக்கும் என்று கேட்பார்.

எண்பத்துநான்கில் கருவிக்கு ஒரு புதிய பெட்டி வந்தது. அதிலிருந்த ஒரு திருகில் ஒன்று, மூன்று, பத்து, முப்பது என்று செக்கன்கள் எழுதியிருந்தன. முப்பதில் வைத்தால், சுமார் முப்பது செக்கன் நேரத்துக்குத் தான் கேட்டதைச் சமப்படுத்திக்கொண்டு பேனா ஆறுதலாக நகரும். புல்லு படுத்துவிடும். அதே மாதம் நீண்ட குழாயைக் கழற்றிவிட்டுக் குட்டைக் குழாய் பூட்டினார்கள். வாயுவின் வேகத்தையும் கூட்டினார்கள். இருபது நிமிட ஓட்டம் ஆறு நிமிடத்தில் முடிந்தது.

முதல் நாள் முப்பதில் வைத்து ஓட்டிய காகிதத்தைப் பார்த்து இராமநாதன் சொன்னார்: “இப்பதான் பேப்பர் பேப்பர் மாதிரிக் கிடக்கு.”

பதின்மூன்று வருடத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் பாராட்டு அது. அடுத்த கிழமை மூக்கையா தொழில்நுட்ப உதவியாளர் ஆனார். கருவிக்குப் பக்கத்தில் அவருக்கென்று ஒரு கதிரையும் வந்தது.

திருகை நம்பலாமா என்று அவர் பார்க்காமல் இல்லை. கடும் பூச்சிமருந்துக் கரைசலை ஏற்றிப் பார்த்தார். மேடு வந்தது, முன்னையைவிடக் குட்டையாகவும் கொழுத்தும் வந்தது. ஒப்பிடுகிற கரைசலையும் அதே திருகில்தானே ஓட்டுகிறோம், கணக்குப் பிழைக்காது என்று நினைத்தார். பெரிய மேட்டுக்கு அது சரி. புல்லளவு மேட்டை வைத்துப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை. திருகு முப்பதிலேயே நின்றது. சன்னல் கண்ணாடி வெறுமையானது.

எண்பத்தாறு மார்ச்சில் மூன்று போத்தல் தண்ணீர் வந்தது. ஒட்டியிருந்த துண்டில் அவர் பிறந்த தோட்டத்தின் பெயரும் ‘மேல் லயப் பீலி’ என்றும் எழுதியிருந்தது. மலை ஊற்றிலிருந்து குழாய் வழியாக வந்து விழும் அந்தப் பீலித் தண்ணீரைக் குடித்துத்தான் அவர் வளர்ந்தார். ஊற்றுக்கு மேலே, கரையில், தோட்டத்துப் பூச்சிமருந்து ஸ்டோர் இருந்தது. காற்றில் அதன் கூரைத் தகரம் போய், பீப்பாய்கள் மாதக்கணக்காக மழையில் நனைந்தன. லயத்தில் இரண்டு பிள்ளைகளுக்கு வலிப்பு வந்தது. தோட்டத்து டிஸ்பென்சரி ஐயா பீலியைச் சந்தேகித்தார். லயத்துப் பெண்கள் பீலியை விட்டுவிட்டு, அரை மைல் கீழே ஓடையில் இறங்கித் தண்ணீர் சுமந்தார்கள். அவர்களில் மூக்கையாவின் தங்கை பேச்சியம்மாவும் ஒருத்தி.

முறைப்படி தண்ணீரில் கரைந்திருப்பதைச் சத்தாகப் பிரித்தெடுத்து ஒவ்வொரு போத்தலுக்கும் ஒரு ஓட்டம் ஓட்டினார். கோடு சுத்தமாக வந்தது. நான்காம் நிமிடத்துக்குப் பிறகு மூன்றிலும் மயிரிழை உயர்ந்து மெதுவாகத் தணிந்தது. காலை பத்தரை மணி. கூரைத் தகரத்தில் வெயில் ஏறினால் கோடு அப்படி நகர்வது வழக்கம். வெயில் என்று நினைத்துக்கொண்டார். ‘காணப்படவில்லை’ என்று குறித்துக் கொடுத்தார். இராமநாதன் கையெழுத்திட்டார். மிஞ்சிய சத்தை, எப்போதும் செய்வதுபோல, சிறு குப்பிகளில் அடைத்துக் குளிரில் வைத்தார்.

அறிக்கை தோட்டத்து ஆபீஸ் சுவரில் ஒட்டப்பட்டது. அது ஆங்கிலத்தில் இருந்தது. துரையின் ஆபீசில் ஒட்டிய கடுதாசியை நம்பி யாரும் பீலிக்குத் திரும்பவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூக்கையா தங்கையைப் பார்க்கப் போனார். பெண்கள் அவரைச் சூழ்ந்துகொண்டு கேட்டார்கள்.

“நாந்தான் பாத்தேன்,” என்றார் அவர். “தண்ணியில ஒண்ணுமில்ல. பயப்படாமக் குடிங்க.”

அன்று சாயங்காலமே பீலியடியில் குடங்கள் வரிசையாக நின்றன. துரையோ வேறு யாரோ சொல்லியிருந்தால் அவர்கள் நின்றிருக்க மாட்டார்கள். சொன்னது அவர்கள் லயத்துப் பிள்ளை.

மே மாதம் பேச்சியம்மாவின் கடைசி மகள் அழகம்மாவுக்கு வலிப்பு வந்தது. ஒன்பது வயது. கண்டிக்குக் கொண்டு போனார்கள். மூன்றாம் நாள் செத்துப்போனாள். மூளைக் காய்ச்சலாக இருக்கலாம் என்றார்கள். சாவீட்டில் பலரும் பல காரணம் சொன்னார்கள். தண்ணீரைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. அதைத்தான் மூக்கையா பார்த்துவிட்டாரே. அவரும் பேசவில்லை. சிறிய பெட்டியின் ஒரு முனையைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

அவருடைய மகள் அப்போது பேராதனையில் பொறியியல் இரண்டாம் வருடம். ஜூன் மாதத்தில் ஒரு பின்னேரம் வகுப்பு முடிந்து, அப்பாவோடு சேர்ந்து பிலிமத்தலாவை வீட்டுக்கு பஸ் ஏறலாம் என்று கூடத்துக்கு வந்தாள். அவர் முடிக்கும்வரை கருவியைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இது ஏம்ப்பா முப்பதுல இருக்கு?”

“அதுலதான் கோடு சுத்தமா வரும்.”

“ஒரு மேடு எவ்வளவு நேரம் நிக்கும்?”

“இந்தக் குழாயில பதினஞ்சு செக்கன்.”

அந்தக் கிழமைதான் வகுப்பில் இப்படிச் சமப்படுத்தும் திருகுகளைப் பற்றிய பாடம் நடந்திருந்தது. விடை தெரிந்த சந்தோஷத்தில் சொன்னாள்: “அப்ப சின்ன மேடு வந்தா இது காட்டாதேப்பா. அமுக்கி, இழுத்து, தட்டையாக்கிரும். கோடு லேசா ஏறி எறங்குறமாதிரித்தான் தெரியும்.”

போத்தல்களைப் பற்றி அவளுக்குத் தெரியாது. வேலை இருக்கிறது, நீ போ என்றார் மூக்கையா.

சனிக்கிழமை அரைநாள். பகல் ஒரு மணிக்கு எல்லோரும் போன பிறகு அவர் குப்பிகளை வெளியே எடுத்தார். திருகை ஒன்றுக்குக் கொண்டுவந்தார். புல்லு எழுந்தது. பீலித் தண்ணீரின் சத்தை ஒன்பது தடவை ஏற்றினார். பிறகு, ஊசியிலோ குழாயிலோ முன்பே ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க, ஒன்றும் கலக்காத சுத்தத் திரவத்தை ஒன்பது தடவை ஏற்றினார். முதல் ஒன்பது காகிதங்களைச் சன்னலில் பிடித்தார். தனியே பார்த்தால் எந்தக் காகிதத்திலும் சத்தியம் பண்ணிச் சொல்ல ஒன்றுமில்லை. சேர்த்துப் பார்த்தபோது நான்காம் நிமிடத்தில், பூச்சிமருந்து வர வேண்டிய இடத்தில், கோடு கறுத்து நின்றது. மற்ற ஒன்பதையும் பிடித்தார். அங்கே புல்லு மட்டும்தான்.

திங்கட்கிழமை பதினெட்டுக் காகிதங்களையும் இராமநாதனின் மேசையில் வைத்தார். இராமநாதன் எழுந்து சன்னலுக்குப் போய்த் தானே பிடித்துப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்று மூக்கையாவுக்குத் தெரிந்தது.

“ஒன்பது பேப்பரைச் சேர்த்துப் பாத்தன் எண்டு எங்க போய்ச் சொல்லப்போறீர்?” என்றார் இராமநாதன். “தனி ஓட்டத்தில புல்லைவிட மூண்டு மடங்கு உயரம் வந்தால்தான் இருக்கு எண்டு எழுதலாம். அதுதான் முறை.”

“அது இருக்குங்க ஐயா.”

“ஓம். இருக்கு.” கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “இந்தத் திருகில ரெண்டு வருஷம் ஓட்டியிருக்கிறம். எத்தனை தோட்டம், எத்தனை கிணறு. இது பிழை எண்டால் அதெல்லாம் பிழை. கூடத்தைப் பூட்டுவினம். என்னை என்ன செய்வினம் எண்டு உமக்கு நான் சொல்லத் தேவையில்லை.”

புதிதாகத் தண்ணீர் அனுப்பச் சொல்லித் தோட்டத்துக்கு எழுதுவதாகவும், அது வந்து பார்க்கும்வரை வாயைத் திறக்கக் கூடாது என்றும் சொன்னார். எவ்வளவு நாளாகும் என்று மூக்கையா கேட்டார். ஒரு மாதம், இரண்டு மாதம் என்று பதில் வந்தது.

“அதுவரைக்கும் குடிப்பாங்களே.”

இராமநாதன் காகிதங்களை அடுக்கித் திருப்பிக் கொடுத்தார்.

செவ்வாய்க்கிழமை மூக்கையா வேலைக்குப் போகவில்லை. பன்வில பஸ் ஏறினார். சாயங்காலம், கொழுந்து நிறுத்துவிட்டுப் பெண்கள் குடத்தோடு வருகிற நேரம் பீலியடிக்குப் போய் நின்றார். தண்ணீரை எடுக்காதீங்க, நான் சொன்னது பிழை, இதில் மருந்து கலந்திருக்கிறது என்றார். ஒரு தடவை சொல்லி, இன்னொரு தடவையும் சொன்னார்.

கங்காணி கறுப்பையா அங்கே கால் கழுவிக்கொண்டிருந்தார். “என்னாண்ணே, மார்ச்சுல நல்ல தண்ணி, ஜூன்ல நஞ்சா? மெசினுக்குப் பேய் புடிச்சிருச்சா?”

பெண்கள் சிரித்தார்கள். கறுப்பையா விடவில்லை. “ஆபீசுல ஒட்டுன கடுதாசியில ஒங்க பெரிய ஐயா கையெழுத்து இருக்கு. ஒங்க கையெழுத்து எங்க இருக்கு, காட்டுங்க பாப்போம்.”

நாள் முழுக்க மலையில் ஏறி இறங்கியவர்கள். மறுபடியும் அரை மைல் இறங்கித் தண்ணீர் சுமந்து ஏற வேண்டும் என்றால் யாருக்கும் மனம் வராது. குடங்கள் ஒவ்வொன்றாக நிறைந்தன.

பேச்சியம்மாவின் குடம் நிறைந்திருந்தது. அவள் அதைத் தூக்கவில்லை.

“அண்ணே,” என்றாள். “அப்ப அழகு?”

மூக்கையா நின்றார்.

“நீங்கதானே குடிக்கச் சொன்னீங்க.”

“நாந்தான்.”

அவள் குடத்தைச் சரித்தாள். தண்ணீர் முழுவதும் போகும்வரை பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு வெறுங்குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடைப் பக்கம் இறங்கிப் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

எல்லோரும் போனபிறகு மூக்கையா தண்ணீர்க் கான் வெட்டுகிறவர்களின் கொட்டிலுக்குப் போனார். அங்கே சாத்தியிருந்த ஓர் இரும்பு அலவாங்கை எடுத்து வந்தார். பீலிக் குழாயைப் பெயர்த்தார். ஊற்றைத் தேக்கிவைத்த சீமெந்துத் தொட்டியை நான்கு பக்கமும் உடைத்தார். தண்ணீர் கரையெல்லாம் பரந்து ஓடியது. கறுப்பையாவும் இன்னும் மூன்று பேரும் வந்து பிடித்தபோது அவர் கையை உதறவில்லை. தோட்டத்துச் சொத்தை உடைத்ததற்காக பொலிசில் வைத்தார்கள். வழக்குப் போட்டார்கள். கூடத்திலிருந்து நிறுத்தினார்கள். இராமநாதன் தோட்டத்துக்கு எழுதத்தான் செய்தார். அந்தக் கடிதத்துக்குத் தோட்டம் பதில் போடவே இல்லை. மார்ச் மாத அறிக்கையை யாரும் திருத்தவில்லை.

பத்தொன்பது நாளில் தோட்டம் புதிய தொட்டி கட்டி இரும்புக் குழாய் போட்டது. தண்ணீர் விழுந்த முதல் காலையில் பேச்சியம்மா குடமில்லாமல் பீலியடிக்கு வந்து குழாயின் கீழே நின்றாள். வந்த ஒவ்வொருத்தியின் குடத்து வாயிலும் உள்ளங்கையை வைத்து மூடினாள். “அழகு குடிச்ச தண்ணி,” என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. அவளைத் திட்டினார்கள். ஒருத்தி பேச்சியம்மாவின் கையைத் தட்டிவிட்டுத் தண்ணீர் பிடித்தாள். குடம் நிறைந்த பிறகு அதைத் தூக்க அவளுக்கே மனம் வரவில்லை. பதினொரு நாள் பேச்சியம்மா வேலைக்குப் போகவில்லை. வேலைப் பதிவிலிருந்து அவள் பெயரை வெட்டினார்கள். பன்னிரண்டாம் நாள் பீலிக்கு யாரும் வரவில்லை. எல்லோரும் ஓடைக்குப் போனார்கள்.

ஜூலையில் இன்னொரு பிள்ளைக்கு வலிப்பு வந்தது. அதற்குப் பிறகு மேல் லயத்தில் வரவில்லை. பன்வில ஆட்கள் யாரைக் கண்டாலும் மூக்கையா அதைத்தான் விசாரிப்பார். இரண்டு மாதம் வராமலிருந்தால் அதில் ஒன்றும் தெரியாது, ஒரு வருடம் போகட்டும் என்பார். ஒரு வருடம் போனபோது இரண்டு வருடம் போகட்டும் என்றார்.

பிலிமத்தலாவையில் மஹ்ரூப் என்பவரின் ரேடியோக் கடையில் அவருக்கு வேலை கிடைத்தது. திருத்திய ரேடியோவைக் காலை, மதியம், சாயங்காலம் என்று மூன்று வேளையும் போட்டுக் கேட்காமல் கொடுக்க மாட்டார். “ரேடியோதானே மூக்கையாண்ணன், ரொக்கெட்டா உடப்போறீங்க?” என்று மஹ்ரூப் கேலி செய்வார். அவர் சிரித்ததில்லை.

பேச்சியம்மா அவரோடு பேசவில்லை. வருடத்துக்கு ஒரு தடவை அவர் லயத்துக்குப் போவார். யார் கையிலாவது தேத்தண்ணி கொடுத்தனுப்புவாள். அவர் குடித்துவிட்டு, கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வருவார். மேல் லயத்தில் அவர் சொன்னதை அன்றைக்கே நம்பியவள் அவள் ஒருத்திதான். மற்றவர்கள் நம்பவில்லை, அதனால் அவரோடு சாதாரணமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

தொண்ணூற்றெட்டில் மகள் அந்தப் பதினெட்டுக் காகிதங்களையும் கணினியில் ஏற்றிக் கூட்டிப் பார்த்தாள். நான்காம் நிமிட மேட்டின் அளவு எண்ணாகவே வந்தது. சந்தேகத்துக்கு இடமே இல்லை. அச்செடுத்துக் கொண்டுபோய்க் காட்டினாள். அவர் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “அன்னைக்கே தெரியுமே,” என்று திருப்பிக் கொடுத்தார். திருகைப் பற்றி அவளும் அவரும் பேசியது அவ்வளவுதான். இருபது வயதில் தான் சொன்னதைக் கொஞ்சம் மெதுவாகச் சொல்லியிருக்கலாம் என்று அவள் பலமுறை நினைத்தாள். மார்ச்சுக்கு முன் ஒரு நாள் கூடத்துக்குப் போயிருக்கலாம் என்று அதைவிட அதிகமாக நினைத்தாள்.

2009 ஒக்டோபரில் நெஞ்சு நோயில் மூக்கையா இறந்தார். பேச்சியம்மா முதல் பஸ்ஸிலேயே வந்து சேர்ந்தாள். அழவில்லை. வாசலில் நின்ற மகளைக் கையைப் பிடித்து ஓரமாக அழைத்துப் போனாள்.

“பாப்பா, நீ படிச்சவ. ஒங்கப்பா ரெண்டாவதா சொன்னது நெசந்தானே? அந்தத் தண்ணியில இருந்துச்சுதானே?”

“இருந்துச்சு அத்தை.”

“நல்லாத் தெரியுமா?”

“நல்லாத் தெரியும்.”

பேச்சியம்மா தலையை ஆட்டினாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே போய்ப் பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். சாயங்காலம் தூக்கும்வரை எழுந்திருக்கவில்லை. அண்ணனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதும் ஒரு வார்த்தை பேசவில்லை.